கான்ஃபிக் அழிந்த பழைய சுவிட்ச், ரவுட்டரை மீட்டெடுப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சுவிட்சுக்கு மின்சாரம் கொடுக்கிறீர்கள். விசிறி சுழல்கிறது, விளக்குகள் மினுங்குகின்றன. ஆனால் பிரவுசரில் எந்த முகவரியைத் தட்டினாலும் பக்கம் திறக்கவில்லை, பிங் போகவில்லை. விற்றவரைக் கேட்டால் "எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் கொடுத்தேன்" என்கிறார். புதியவர்கள் பலரும் இந்த இடத்தில் ஒரு குண்டூசியை எடுத்து ரீசெட் ஓட்டைக்குள் விட்டு அழுத்துகிறார்கள். அதை மட்டும் இப்போதைக்குச் செய்யாதீர்கள்.

அழிந்தது எது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் கைவைத்தால் மிச்சம் இருப்பதும் போகலாம்.

உள்ளே இருக்கும் நான்கு அடுக்குகள்

நெட்வொர்க் கருவியின் நினைவகத்தில் நான்கு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. அடியில் இருப்பது பூட்லோடர். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல் அது. அதற்கு மேல் இயங்குதளம்: சிஸ்கோவில் ஐஓஎஸ், ஜூனிப்பரில் ஜூனோஸ், மைக்ரோடிக்கில் ரவுட்டர்ஓஎஸ். அதற்கு மேல் கான்ஃபிக், அதாவது முகவரிகள், பாஸ்வேர்டுகள், விலேன்கள் (ஒரே சுவிட்சை உள்ளுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை). நான்காவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அது கருவியின் சொந்த அடையாளம்: மேக் முகவரி (தொழிற்சாலையிலேயே கொடுக்கப்படும் நெட்வொர்க் அடையாள எண்), சீரியல் எண், வைஃபை ரேடியோவுக்கான அளவுத்திருத்தத் தரவு.

கான்ஃபிக் மட்டும் போயிருந்தால் கவலையே இல்லை. பழைய கருவி வாங்குபவருக்கு இதைவிட நல்ல நிலை கிடையாது. இயங்குதளமும் போயிருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் மீட்டுவிடலாம். பூட்லோடரே போயிருந்தால் சிப்பில் நேரடியாக எழுதும் சாதனம் தேவைப்படும். முதல் முயற்சியிலேயே அதில் இறங்க வேண்டாம். வைஃபை அளவுத்திருத்தத் தரவு போயிருந்தால், யாராவது முன்பே நகல் எடுத்து வைத்திருந்தாலொழிய அது திரும்பாது. அந்த எண்கள் அந்த ஒரு கருவிக்காகத் தொழிற்சாலையில் அளந்து எழுதப்பட்டவை.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு கன்சோல் கேபிள் வேண்டும். நெட்வொர்க் இல்லாமலே கருவியோடு நேரடியாக எழுத்தில் பேச உதவுவது அது. சிஸ்கோ வகையில் இது பெரும்பாலும் தட்டையான வெளிர்நீலக் கேபிளாக இருக்கும். ஒரு முனை ஆர்ஜே45, மறுமுனை ஒன்பது முள் சீரியல் அல்லது நேரடியாக யூஎஸ்பி. இன்றைய லேப்டாப்புகளில் சீரியல் போர்ட் கிடையாது என்பதால், யூஎஸ்பி முனையோடு வரும் கேபிளையே வாங்கிவிடுங்கள். அதற்குள் இருக்கும் மாற்றிச் சிப் போலியாக இருந்தால் விண்டோஸ் டிரைவர் அதை ஏற்க மறுப்பதுண்டு. அதனால் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கன்சோலில் வரும் எழுத்துகளைக் காட்டும் டெர்மினல் மென்பொருளில் புட்டி எல்லோருக்கும் தெரியும். ஆனால் புட்டியில் எக்ஸ்மோடம் (கன்சோல் கேபிளிலேயே கோப்பு அனுப்பும் பழைய முறை) வழியாகக் கோப்பு அனுப்பும் வசதி இல்லை. இயங்குதளத்தை ஏற்ற வேண்டி வந்தால் அது கைகொடுக்காது. விண்டோஸில் டெரா டெர்ம், லினக்ஸில் மினிகாம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் நடக்கும். இவற்றோடு ஒரு ஈதர்நெட் கேபிள், லேப்டாப்பில் ஒரு டிஎஃப்டிபி சர்வர் (நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்பும் எளிய மென்பொருள்), ஒரு நோட்டு. கன்சோலில் வரும் எல்லாவற்றையும் கோப்பாகச் சேமிக்கும் வசதி டெர்மினலில் இருக்கும். அதை முதல் நொடியிலிருந்தே ஓடவிடுங்கள். பிறகு எவரிடமாவது உதவி கேட்க நேர்ந்தால் அந்தக் கோப்பே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

வெளி அடாப்டரில் ஓடும் சின்னக் கருவி என்றால், அடாப்டரின் வோல்ட்டும் முனையின் பிளஸ், மைனஸ் திசையும் கருவியின் அடியில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் அடாப்டர் மாறி வருவது சர்வசாதாரணம்.

முதல் மின்சாரம், தனியாக

கருவியை எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காமல் மேசையில் வைத்து இயக்குங்கள். வீட்டில் இருக்கும் ரவுட்டரோடும் வேண்டாம், அலுவலக நெட்வொர்க்கோடு கண்டிப்பாக வேண்டாம். இதன் காரணம் கீழே, நெட்வொர்க்கில் இணைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் பகுதியில் வருகிறது. கருகிய வாடை, சுழலாத விசிறி, உள்ளே எதுவோ உருளும் சத்தம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மாடலையும் கொஞ்சம் விசாரியுங்கள். சில மாடல்களுக்குப் பொதுவில் தெரிந்த குறைகள் உண்டு. 2017 பிப்ரவரியில் சிஸ்கோ தன் சில மாடல்களில் கடிகாரத் துடிப்புக்கான ஒரு பாகம் சுமார் 18 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு செயலிழக்கக்கூடும் என்று அறிவித்தது. அப்படிச் செத்த கருவி மறுபடி இயங்காது. அந்தப் பட்டியலில் உள்ள மாடல் கிடைத்தால், பாகம் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

கன்சோல் சொல்வதைக் கேளுங்கள்

கன்சோல் கேபிளைச் செருகி, டெர்மினலில் வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். சிஸ்கோ, ஜூனிப்பர் சுவிட்சுகளில் பெரும்பாலும் இதுதான் தொடக்க அமைப்பு. மைக்ரோடிக் ரவுட்டர்போர்டுகளில் 115200. ஹெச்பி புரோகர்வ் வகையில் கருவியே வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்; என்டரை இரண்டு முறை தட்டினால் போதும். டெர்மினல் தயாரான பிறகு மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். பூட் ஆகும்போது வரும் வரிகள்தான் முக்கியம். அவற்றைத் தவறவிடக் கூடாது.

எழுத்துகள் குப்பையாகச் சிதறி வந்தால் வேகம் தவறு. முந்தைய உரிமையாளர் 115200 என்று மாற்றி வைத்திருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் முதலில் உங்கள் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்: தவறான காம் போர்ட், டிரைவர், ஈதர்நெட் போர்ட்டில் செருகிய கன்சோல் கேபிள். லினக்ஸில் உங்கள் கணக்கு டயலவுட் குழுவில் இல்லையென்றாலும் போர்ட் திறக்காது.

எழுத்து சரியாக வந்துவிட்டால், கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். தொடக்க அமைப்பு உரையாடலுக்குள் போகலாமா, யெஸ் அல்லது நோ என்று சிஸ்கோ கேட்டால் கான்ஃபிக் மட்டும் போயிருக்கிறது. நோ என்று சொல்லிவிட்டு நேராகப் புது கான்ஃபிக் பகுதிக்குப் போய்விடுங்கள். ஜூனிப்பரில் இதே நிலைக்கு அழகான அடையாளம் ஒன்று உண்டு: லாகின் வரியில் கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அம்னீசியாக்" என்று வரும். ரூட் என்று தட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே விடும். ஆனால் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைக்கும்வரை எந்த கமிட்டையும் (மாற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளை) ஏற்காது.

யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டால் பழைய கான்ஃபிக் உள்ளேயே இருக்கிறது; விற்றவர் சொன்னது நடக்கவில்லை. "சுவிட்ச்:" என்றோ "ராம்மன் 1 >" என்றோ "லோடர்>" என்றோ நின்றால் பூட்லோடர் உயிரோடு இருக்கிறது, இயங்குதளம் இல்லை அல்லது கிடைக்கவில்லை. கேபிளும் வேகமும் சரியாக இருந்தும் ஓர் எழுத்துகூட வராமல் இருந்தால் மட்டுமே பூட்லோடரையோ வன்பொருளையோ சந்தேகிக்கலாம்.

பழைய கான்ஃபிக் உள்ளேயே இருந்தால்

இது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. இஸெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செகண்ட் ஹேண்ட் ரவுட்டர்களை வாங்கிச் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய நிறுவனங்களின் முக்கியத் தகவல்கள் அப்படியே இருந்தன. விபிஎன் சாவிகள், வாடிக்கையாளர் விவரங்கள் எல்லாம் அதில் அடக்கம். சிஸ்கோ கான்ஃபிக்கில் டைப் 7 என்று மறைத்துவைத்த பாஸ்வேர்டை எவரும் நொடியில் படித்துவிடலாம். உங்களிடம் அப்படி ஒன்று வந்தால் அதைத் துருவிப் படிக்காதீர்கள், நகல் எடுக்காதீர்கள், அதில் உள்ள முகவரிகளைத் தொட்டுப் பார்க்காதீர்கள். விற்றவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.

இனிமேல் வரும் கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கருவியில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 போன்ற சுவிட்சில் செய்ய வேண்டியது இது:

1. மின்சாரத்தை எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள். அடுத்த 15 நொடிக்குள், சிஸ்டம் விளக்கு பச்சையில் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே முன்பக்க மோட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.
2. விளக்கு ஒரு கணம் மஞ்சளாகி, பிறகு நிலையான பச்சையாகும். அப்போது விடுங்கள். "சுவிட்ச்:" என்ற வரி வரும்.
3. "ஃபிளாஷ்_இனிட்" என்று தட்டுங்கள். ஃபிளாஷ், அதாவது கோப்புகள் இருக்கும் நினைவகம், திறக்கும்.
4. "டிர் ஃபிளாஷ்:" கொடுத்து என்னென்ன இருக்கிறது என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ".பின்" என்று முடியும் பெரிய கோப்புதான் இயங்குதளம். சில சமயம் அது ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள்.
5. கான்ஃபிக்.டெக்ஸ்ட், பிரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட், விலேன்.டேட் ஆகிய மூன்றையும் "டெலீட்" கட்டளையால் அழியுங்கள். இருப்பதை அழித்தால் போதும்; மூன்றும் இருக்க வேண்டும் என்பதில்லை.
6. "பூட்" என்று கொடுங்கள்.

ஐந்தாவது படியில் விலேன்.டேட் கோப்பைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ரைட் இரேஸ் (கான்ஃபிக்கை அழிக்கும் கட்டளை) கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. விலேன் விவரங்கள் ஃபிளாஷில் தனிக் கோப்பாக இருப்பதால் பழைய இடத்தின் விலேன்கள் அப்படியே தங்கிவிடும்.

"இரேஸ்" கட்டளையில் இன்னொரு ஆபத்து. இரேஸ் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் என்பது கான்ஃபிக்கை மட்டும் அழிக்கும். ஃபிளாஷையே குறிவைத்து இரேஸோ ஃபார்மேட்டோ கொடுத்தால் இயங்குதளமும் சேர்ந்து போகும். செகண்ட் ஹேண்டில் இயங்குதளம் இல்லாமல் வரும் கருவிகளில் பல, நல்லெண்ணத்தோடு அழிக்கப்போன ஒருவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவைதான்.

சிஸ்கோ ரவுட்டரில் வழி வேறு. மின்சாரம் போட்ட 60 நொடிக்குள் டெர்மினலிலிருந்து பிரேக் சமிக்ஞை அனுப்பினால் ராம்மன் (ரவுட்டரின் பூட்லோடர்) வரும். அங்கே "கான்ஃப்ரெக் 0எக்ஸ்2142" என்று கொடுத்து ரீசெட் செய்தால் பழைய கான்ஃபிக்கைப் படிக்காமலே பூட் ஆகும். உள்ளே போய் ரைட் இரேஸ் கொடுத்த பிறகு, கான்ஃபிக் ரெஜிஸ்டரை (எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் அந்த எண்ணை) 0எக்ஸ்2102க்குத் திருப்புங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் ஒரு விசித்திரமான தொல்லை வரும்: நீங்கள் உருவாக்கும் கான்ஃபிக் சரியாகச் சேமிக்கப்படும், ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் ரவுட்டர் வெறுமையாக எழுந்து நிற்கும். "ஷோ வெர்ஷன்" கொடுத்தால் கடைசி வரியில் இந்த எண் தெரியும். வேலையை முடிக்கும்போது அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டே எழுந்திருங்கள்.

சில கருவிகளில் பாஸ்வேர்டு மீட்பையே முடக்கி வைத்திருப்பார்கள். அப்போதும் பெரும்பாலும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாமா என்று கேட்கும். பழைய கான்ஃபிக் நமக்குத் தேவையில்லை என்பதால் சரி என்று சொல்லிவிடலாம்.

ஹெச்பி புரோகர்வில் முன்பக்கம் ரீசெட், கிளியர் என்று இரண்டு சிறு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் ஒன்றாக அழுத்தி, கிளியரைப் பிடித்தபடியே ரீசெட்டை விட வேண்டும். செல்ஃப் டெஸ்ட் விளக்கு மினுங்கத் தொடங்கியதும் கிளியரையும் விடலாம்.

இயங்குதளமே இல்லையென்றால்

முதலில், உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். "சுவிட்ச்:" வரியில் நிற்கிறது என்பதற்காகக் கோப்பு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு, இல்லாத ஒரு கோப்பைச் சுட்டிக்கொண்டிருக்கலாம். கையால்தான் பூட் செய்ய வேண்டும் என்று அமைத்திருக்கலாம். "டிர் ஃபிளாஷ்:" காட்டும் பட்டியலில் ".பின்" கோப்பு இருந்தால், அதன் முழுப் பாதையைக் கொடுத்து பூட் செய்து பாருங்கள். பல சமயம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

இல்லவே இல்லை என்றால் சரியான ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது இயங்குதளக் கோப்பு, வேண்டும். மைக்ரோடிக் தன் கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. சிஸ்கோவில் பெரும்பாலானவற்றுக்கு ஒப்பந்தம் உள்ள கணக்கு தேவை, அதனால் சிஸ்கோ கருவி வாங்கும் முன்பே இயங்குதளம் உள்ளே இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுவது நல்லது. முகம் தெரியாத தளத்திலிருந்து எடுத்த கோப்பை ஏற்றாதீர்கள். எங்கிருந்து எடுத்தாலும் அதன் ஹேஷ் எண்ணை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) தயாரிப்பாளர் வெளியிட்டதோடு ஒப்பிடுங்கள். உங்கள் நெட்வொர்க் முழுவதும் ஓடும் போக்குவரத்து அந்தக் கோப்பின் வழியாகத்தான் போகப்போகிறது.

2960 வகையில் கன்சோல் வழியாகவே, எக்ஸ்மோடம் முறையில் கோப்பை அனுப்பலாம். எக்ஸ்மோடம் 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. இத்தனை காலம் கழித்தும் கடைசித் துணையாக நிற்கிறது. ஆனால் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 9600இல் நொடிக்கு அதிகபட்சம் 960 பைட்தான் போகும். 10 எம்பி கோப்புக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதனால் முதலில் "செட் பாட் 115200" என்று கொடுங்கள். அந்தக் கணமே திரையில் குப்பை வரும். பயப்பட வேண்டாம், டெர்மினலின் வேகத்தையும் 115200க்கு மாற்றினால் தெளிந்துவிடும். இப்போது அதே கோப்பு கால்மணி நேரத்துக்குச் சற்று மேலே முடியும். "காப்பி எக்ஸ்மோடம்: ஃபிளாஷ்:" என்பதோடு கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, டெர்மினலின் மெனுவில் எக்ஸ்மோடம் அனுப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வேகத்தை 9600க்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து இந்தச் சுவிட்சைத் திறப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ரவுட்டரின் ராம்மனில் டிஎஃப்டிபி உண்டு, அது பல மடங்கு வேகம். லேப்டாப்புக்கு 192.168.1.10 என்று நிலையான முகவரி கொடுத்து, ஈதர்நெட் கேபிளால் ரவுட்டரின் முதல் போர்ட்டில் இணையுங்கள். ராம்மனில் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎஃப்டிபி சர்வர், கோப்பின் பெயர் ஆகிய ஐந்து மாறிகளையும் நிரப்பி "டிஎஃப்டிபிடிஎன்எல்டி" கொடுக்க வேண்டும். மாறிகளின் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பல மாடல்களில் இந்தக் கட்டளை ஃபிளாஷை முழுவதும் துடைத்துவிட்டுத்தான் எழுதும் என்பதை மறக்க வேண்டாம். கூடவே "-ஆர்" சேர்த்தால் ஃபிளாஷைத் தொடாமல் ராமில் மட்டும் ஏற்றி ஓட்டிக் காட்டும். கோப்பு இந்த மாடலுக்குப் பொருந்துமா என்று பார்க்க இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

டிஎஃப்டிபி நகரவே மாட்டேன் என்றால் பெரும்பாலும் லேப்டாப்பின் ஃபயர்வால்தான் காரணம். யூடிபி 69க்கு வழிவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். கோப்பு 32 எம்பிக்கு அருகில் வந்து நின்றுபோனால் அது வேறு விஷயம்: பழைய டிஎஃப்டிபியில் துண்டுக்கு 512 பைட், துண்டு எண்ணுக்கு 16 பிட், அதற்கு மேல் எண்ண முடியாது. வேறொரு டிஎஃப்டிபி சர்வர் மென்பொருளை முயலுங்கள். 1841, 2811 போன்ற ரவுட்டர்களில் இந்தச் சிரமம் எதுவுமே வேண்டாம்; ஃபிளாஷ் என்பது கழற்றக்கூடிய காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைதான். கார்டு ரீடரில் போட்டுக் கோப்பை நகலெடுத்து மறுபடி செருகினால் முடிந்தது.

மைக்ரோடிக்கில் நெட்இன்ஸ்டால் என்ற இலவச மென்பொருளால் முழுவதையும் புதிதாக ஏற்றலாம். அதற்கு முன் ஒன்று: கான்ஃபிக் முழுவதும் அழிந்த மைக்ரோடிக்கில் ஐபி முகவரியே இருக்காது. வழக்கமான 192.168.88.1 திறக்கவில்லை என்பதால் கருவி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் மென்பொருளில் மேக் முகவரியைச் சொடுக்கி நேராக உள்ளே போகலாம்.

வைஃபை ரவுட்டர்களில் கூடுதல் கவனம்

வீட்டு வைஃபை ரவுட்டர்களுக்கு வெளியே கன்சோல் போர்ட் இருக்காது. சர்க்யூட் போர்டில் மூன்று நான்கு சிறு துளைகளாக இருக்கும், அதுவும் 3.3 வோல்ட்டில். சாதாரண சீரியல் கேபிளை அதில் இணைத்தால் போர்டு எரிந்துவிடும், 3.3 வோல்ட் யூஎஸ்பி டிடிஎல் மாற்றிதான் வேண்டும். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றை மட்டும் இணையுங்கள், டிஎக்ஸும் ஆர்எக்ஸும் குறுக்காக. மின்சாரம் தரும் நான்காவது கம்பியை விட்டுவிடுங்கள்.

ஆனால் அவ்வளவு தூரம் போகும் தேவை அரிது. பல மாடல்களில் பூட்லோடரே ஒரு குறிப்பிட்ட முகவரியில், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். உதாரணமாக டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 இரண்டாம் பதிப்பில், லேப்டாப்புக்கு 192.168.0.66 என்று முகவரி கொடுத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி இயக்கினால் அது டிஎஃப்டிபி வழியாக மீட்புக் கோப்பை இழுத்துக்கொள்ளும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான திறந்த மூல இயங்குதளம்) ஓடும் கருவி என்றால் ஃபெயில்சேஃப் எனும் மீட்பு நிலையில் 192.168.1.1இல் எழும்.

இங்கே நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். சரிசெய்கிறேன் என்று ஃபிளாஷ் முழுவதையும் அழிக்காதீர்கள். ஏதரோஸ் சிப் உள்ளவற்றில் ஆர்ட் என்ற பகுதியிலும், மீடியாடெக் வகையில் ஃபேக்டரி என்ற பகுதியிலும்தான் அந்த அளவுத்திருத்தத் தரவு இருக்கிறது. அது போனால் ரவுட்டர் பூட் ஆகும், கேபிளில் வேலை செய்யும், ஆனால் வைஃபை ஒழுங்காக வராது. வேறொரு கருவியின் தரவைக் கொண்டுவந்து போட்டாலும் சரியாகப் பொருந்தாது. உள்ளே நுழைய முடிந்த உடனேயே அந்தப் பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

கிளவுடில் கட்டிவைத்த கருவிகள்

மெராகி போன்று தயாரிப்பாளரின் இணையக் கணக்கு வழியாக நிர்வகிக்கப்படும் கருவிகள் முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து விடுவிக்கப்படாமல் உங்களுக்கு உதவாது; லைசென்ஸும் வேண்டும். ரீசெட் பொத்தானால் இது தீராது, விற்றவர்தான் தன் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். யூனிஃபை வகையில் நிலைமை பரவாயில்லை: பொத்தானைச் சுமார் 10 நொடி அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, உங்கள் கன்ட்ரோலர் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம்.

புது கான்ஃபிக் எழுதுவது

இணையத்தில் கிடைத்த கான்ஃபிக்கை மொத்தமாக ஒட்டாதீர்கள். வரிவரியாக எழுதினால்தான் எது எதற்கு என்று தெரியும், பிறகு தவறு வந்தாலும் பிடிபடும். சிஸ்கோவில் இப்படிப் போகலாம்: முதலில் கருவிக்குப் பெயர், எனேபிள் சீக்ரெட் (நிர்வாக நிலைக்கான பாஸ்வேர்டு), ஒரு பயனர். அடுத்து நிர்வாகத்துக்கென்று ஒரு விலேன். விலேன் 1ஐ அதற்குப் பயன்படுத்த வேண்டாம். அந்த நிர்வாக விலேனுக்கு 192.168.10.2 போல ஒரு முகவரியும் கேட்வேயும். அப்புறம் டொமைன் பெயர் கொடுத்து 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் (குறியாக்கத்தோடு தொலைவிலிருந்து உள்ளே போகும் முறை) பதிப்பு 2ஐ இயக்கி, விடிஒய் எனும் தொலைநுழைவு வரிகளில் எஸ்எஸ்ஹெச் மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். கான்ஃபிக் அழியும்போது பழைய சாவியும் போயிருக்கும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. சாவி உருவாக்கும் கட்டளையையே கருவி ஏற்கவில்லை என்றால் கோப்பின் பெயரைப் பாருங்கள்; அதில் கே9 இல்லாவிட்டால் அந்த ஃபர்ம்வேரில் எஸ்எஸ்ஹெச் இல்லை.

லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் போகும்போது சாவி வகை ஒத்துப்போகவில்லை என்று மறுக்கப்படலாம். 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல் பழைய எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ கையொப்ப முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. புது ஃபர்ம்வேர் கிடைத்தால் அதை ஏற்றுங்கள். கிடைக்காவிட்டால் லேப்டாப்பின் அமைப்பில் இந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். எல்லாவற்றுக்கும் திறந்துவிட வேண்டாம்.

நெட்வொர்க்கில் இணைப்பதற்கு முன் இரண்டு விஷயங்கள்

தனியாக வைத்து இயக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒன்று விடிபி. சிஸ்கோ சுவிட்சுகள் தங்களுக்குள் விலேன் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் முறை அது. ஒரே டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள சுவிட்சுகளில் எதன் திருத்த எண் பெரியதோ அதன் பட்டியலை மற்றவை நம்பும். எங்கேயோ பல வருடம் ஓடிய சுவிட்சின் திருத்த எண் பெரியதாக இருக்கும். அதை ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் டிரங்க் போர்ட்டில் (பல விலேன்களைச் சுமக்கும் போர்ட்) செருகினால், அங்கே இருக்கும் விலேன்கள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போகும். விலேன்.டேட் அழித்திருந்தால் திருத்த எண் பூஜ்யமாகியிருக்கும். "ஷோ விடிபி ஸ்டேட்டஸ்" கொடுத்து உறுதிசெய்துகொண்டு, பட்டியலைப் பகிராத டிரான்ஸ்பேரன்ட் நிலையில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று ஸ்பேனிங் ட்ரீ. சுவிட்சுகளுக்கு இடையே போக்குவரத்து முடிவில்லாமல் சுழலாமல் தடுக்கும் முறை அது. இதைப் பற்றிப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நெட்வொர்க்கின் மையமாக எந்தச் சுவிட்ச் இருக்க வேண்டும் என்பதை முன்னுரிமை எண் தீர்மானிக்கிறது. எண் சிறியதாக இருப்பது ஜெயிக்கும். எவரும் மாற்றாவிட்டால் எல்லாச் சுவிட்சிலும் அது 32768தான். எல்லோருக்கும் ஒரே எண் என்றால் மேக் முகவரி சிறியதாக இருப்பது மையமாகும். ஒரே நிறுவனத்தின் கருவிகளில் பழையதன் மேக் முகவரி பெரும்பாலும் சிறியது. அதாவது, ஓரத்தில் ஒரு மூலையில் செருகிய இந்தப் பழைய சுவிட்ச், கான்ஃபிக் எதுவுமே இல்லாத அந்த நிலையிலேயே முழு நெட்வொர்க்கின் மையமாகிவிடும். போக்குவரத்து எல்லாம் அதன் வழியாகச் சுற்றிப் போகும், எல்லாம் மெதுவாகும், காரணம் எவருக்கும் புரியாது. பழைய சுவிட்சின் முன்னுரிமையை 61440 என்று வைத்துவிட்டுச் செருகுங்கள். அதைவிடப் பெரிய எண் கிடையாது.

சோதனையும் நகலும்

கான்ஃபிக்கைச் சேமித்துவிட்டு, மென்மையாக ரீலோடு செய்யாமல் மின் கம்பியையே பிடுங்கி மறுபடி செருகுங்கள். எல்லாம் திரும்பி வருகிறதா? பிறகு ஒவ்வொரு போர்ட்டாக லேப்டாப்பை மாற்றிச் செருகி, ஒரு பெரிய கோப்பை அனுப்பி, "ஷோ இன்டர்ஃபேசஸ்" காட்டும் சிஆர்சி எண்ணை (சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) பாருங்கள். நல்ல கேபிளை மாற்றிப் போட்டும் ஒரு போர்ட்டில் மட்டும் அது ஏறிக்கொண்டே போனால் அந்தப் போர்ட் பழுது. அதை ஷட்டவுன் செய்து, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பயன்படுத்தாத மற்ற போர்ட்டுகளையும் அணைத்து வைப்பது நல்ல வழக்கம். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் லாகையும் வெப்பத்தையும் பாருங்கள்.

லாகில் தேதி 1993 மார்ச் 1 என்று இருந்தால் பதற வேண்டாம். நேரத்தைச் சேமித்து வைக்காத பல சிஸ்கோ கருவிகள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். நேரம் சொல்லும் என்டிபி சர்வர் ஒன்றைச் சுட்டிவிடுங்கள்.

தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட ரவுட்டரை இணையத்தை நேராகப் பார்க்கும் இடத்தில் வைக்காதீர்கள். 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிப்பட்ட ஆயுள் முடிந்த ரவுட்டர்கள் தாக்கப்படுவது குறித்துத் தனியாகவே எச்சரிக்கை விடுத்தது. படிப்பதற்கும், உள் நெட்வொர்க்கில் ஃபயர்வாலுக்குப் பின்னால் வைப்பதற்கும் அவை நன்றாகவே உழைக்கும்.

கடைசியாக, முடித்த கான்ஃபிக்கை லேப்டாப்புக்கு நகலெடுங்கள். ஃபர்ம்வேர் கோப்பு, அதன் ஹேஷ், மாடல் எண், சீரியல் எண், கன்சோல் வேகம் எல்லாவற்றையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். கருவியின் மேல் ஒட்டும் சீட்டில் பெயர், நிர்வாக முகவரி, கன்சோல் வேகம் மூன்றும் இருந்தால் போதும். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம்.